ஆறாம் கட்டிலுக்கு இரண்டு நிமிடம்

இன்று காலை வார்டு ரவுண்ட்ஸ் முப்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்தது. பயிற்சி டாக்டர்கள் கட்டிலுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்து, செல்போனில் மணியடிக்க விட்டிருந்தார்கள். மணியடித்தால், நோயாளி பேசிக்கொண்டிருந்தாலும் நகர வேண்டும். அந்தச் சத்தம்தான் உன்னை நினைவுபடுத்தியது. நம் காலத்தில் அந்த மணியாக இருந்தவன் நான்.

இதே கொல்லிமலை ஆஸ்பத்திரியில் நாம் பயிற்சியில் இருந்தபோது ரவுண்ட்ஸைச் சுருக்கத் திட்டம் போட்டவன் நீ. பரிசோதனை முடிவுகளை முன்கூட்டியே படித்துவிட வேண்டும். வீட்டுக்குப் போகிறவர்களை முதலில் பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பதினொரு மணி பஸ் இருக்கிறது. நல்ல யோசனைகள். அவற்றைக் கெடுத்தவனும் நீதான். கிளம்புகிற ஒவ்வொருவரிடமும் நின்று, "ஊட்டுக்குப் போனதும் மொதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பாய். சம்பந்தம் பேச வந்தவன் மாதிரி இருக்கிறாய் என்று கிண்டல் செய்துகொண்டே நான் கடிகாரத்தைப் பார்த்து, ரவுண்ட்ஸ் முடிந்த நேரத்தை நோட்டில் குறிப்பேன்.

ஒருநாள், பெரக்கரை என்ற மலையூர்க்காரர் ஒருவர் வலியே இல்லை என்று மூன்று முறை சொன்னார். டாக்டரின் மனம் நோகக் கூடாது, பஸ்ஸும் போய்விடக் கூடாது. இங்கே நோயாளிகள் அவ்வளவு மரியாதையானவர்கள். உன் கேள்விக்கு மட்டும், "போய்ப் படுத்துக்குவேனுங்க சாமி" என்றார். நீ டிஸ்சார்ஜ் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய்.

"மிளகு பறிக்கிற மாசத்துல ஒரு ஆளு பகல்ல படுக்கறேங்கறாரு. கையெழுத்துப் போடாதடா."

மத்தியானம் அவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். வார்டில் இருந்ததால் பிழைத்தார். அன்றைய நேரத்தை நான் நோட்டில் குறிக்கவில்லை.

நீ இறந்துபோய் நான்கு வருடம் ஆகிறது. இன்று ஆறாம் கட்டிலில் ஆலத்தூர் நாட்டு மலையூரிலிருந்து வந்த அம்மா ஒருவர், வயிற்றுவலி விட்டுப்போச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். மணியடித்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். முப்பத்தெட்டு நிமிடம் என்று பயிற்சி டாக்டர்கள் கைதட்டினார்கள். மரியாதைக்கு நானும் தட்டினேன். பஸ் போன பிறகுதான், உன் கேள்வியை நான் கேட்கவேயில்லை என்பது உறைத்தது.

டீக்கடையில் கண்டக்டரின் நம்பரை வாங்கிப் பேசினேன். அவர் போனை அந்த அம்மாவிடம் கொடுத்தார். கேட்டேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே சத்தமாகச் சொன்னார்.

"அடுப்புப் பத்த வெக்க மருமவ இருக்கறா கண்ணு. நான் கொஞ்சம் படுத்துக்கறேன்."

பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொன்னேன். ஆம்புலன்ஸ் போயிருக்கிறது, இன்னும் திரும்பவில்லை. உன் கேள்வியை டிஸ்சார்ஜ் படிவத்தில் சேர்த்துக்கொள்ளப் பயிற்சி டாக்டர்கள் சம்மதித்துவிட்டார்கள். அதற்கு எத்தனை விநாடி ஒதுக்கலாம் என்று கேட்கிறார்கள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.