மெத்தைக் கடையில் ஒரு ஹார்ன்

மார்ச் 4
இன்றும் பிரெஞ்சு ஹார்னில் மேல் 'சி' சுரம் வரவில்லை. 'ஜி' வரை பயமில்லை. 'ஏ' பத்துக்கு நாலு முறை. அதற்கு மேல் ஹார்னில் காற்றுதான் வருகிறது. இசைக் கல்லூரித் தேர்வு ஏப்ரல் 27. மேல் சுரங்களை வாசிக்கும் முதல் ஹார்ன் இடம் வேண்டுமென்றால் மேல் 'சி'யைத் தொட்டே ஆகவேண்டும். பக்கத்து அறையிலிருந்து அண்ணன், "யாரையாவது மிதிச்சிட்டியா?" என்றான். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9
உதட்டின் உள்பக்கம் கிழிந்துவிட்டது. மவுத்பீஸை அவ்வளவு அழுத்தியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நான் டீயை ஸ்பூனால் குடிப்பதைப் பார்த்துவிட்டு, "வாயக் காட்டு" என்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அரை நாள் லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனாள். பத்து நாள் ஊதக்கூடாதாம். திரும்பும் வழியில் பஸ்ஸில் என் பையையும் அவளே மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கும்போது, "இன்னும் நாள் இருக்குல்ல" என்றாள்.
இருக்கா? நாற்பத்தொன்பது நாள்.

மார்ச் 11
பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூடினேன்.

மார்ச் 15
எங்கள் இசைக்குழு ஒத்திகைக்குச் சும்மா போய் உட்கார்ந்தேன், நான்காவது ஹார்ன் வாசிக்கும் 'தூங்கி'க்குப் பக்கத்தில். தன் முறை வரும்வரை கண்ணை மூடிக்கொள்வதால் அவளுக்கு அந்தப் பெயர். மூன்று வருடமாக ஒரே வரிசையில் இருக்கிறோம். அவள் வாசிப்பை இன்றுதான் கேட்டேன். கீழ் ஸ்தாயியில் அவள் பிடித்த சுரம் நாற்காலி வழியாக என் முதுகில் ஏறியது. முகத்தில் ஒரு சிரமமும் இல்லை.
எப்படி என்று கேட்டேன்.
"நீ மேல போகும்போது உதட்ட நசுக்குற. அப்புறம் காத்து எந்த வழியா போகும்? கீழேருந்து ஆரம்பி. அங்க அழுத்துனா சத்தமே வராது. உதடு தானா கத்துக்கும்."
"எனக்கு கீழ வரவே வராதே."
"எனக்கு மேல வராது. என்ன இப்போ? கடைக்கு வா."
அவள் அப்பாவுக்கு மெத்தைக் கடை.

மார்ச் 20
டாக்டர் ஊத அனுமதித்துவிட்டார். தினம் கால் மணி நேரம். கடையின் பின்னறையில் கூரை வரை மெத்தைகள். எதிரொலியே கிடையாது, ஊதுவது உள்ளது உள்ளபடி கேட்கிறது. என் கீழ் சுரம் கொதிக்கிற தண்ணீர் மாதிரி கொப்பளித்தது. அவள் அப்பா எட்டிப் பார்த்து, "யாருக்கோ வயிறு சரியில்லன்னு நெனச்சேன்மா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். உதடு வலிக்கவில்லை.

ஏப்ரல் 6
கீழ் ஸ்தாயி நிற்கிறது. தாடையைத் தளர்த்தினால் போதும் என்பது புரிய இத்தனை நாள். பிறகு மேலே போய்ப் பார்த்தேன். 'ஏ' பத்துக்குப் பத்து. 'பி' ஏழு. அழுத்தவே இல்லை. தூங்கியிடம் நன்றி சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், அந்த மூலையப் புடி" என்று ஒரு டபுள் மெத்தையை நகர்த்தினாள்.

ஏப்ரல் 27
மேல் 'சி' உடைஞ்சிடுச்சு. எல்லார் முன்னாலயும். கண்ணுல தண்ணி — இசைத்தாளே தெரியல.
தேர்வாளர்களில் ஒரு பெண்மணி, "பரவால்ல. கீழ எவ்வளவு தூரம் போவீங்க?" என்றார். நிறுத்தச் சொல்லும்வரை போகலாம் என்று இறங்கினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மே 10
இடம் கிடைத்துவிட்டது. இரண்டாவது ஹார்ன், கீழ் சுரங்களைப் பிடிக்கும் இடம். முதலாவது இல்லை. பத்து நிமிடம் அழுதேன், எதற்கென்று எனக்கே தெரியாமல். அம்மா கடிதத்தை மூன்று முறை படித்தாள். "ரெண்டாவதுன்னா பக்கத்து சீட்டுதானே" என்றாள்.

ஆகஸ்ட் 19
கல்லூரியில் முதல் ஒத்திகை. முதல் ஹார்ன், மூன்றாம் வருட மாணவன். மெதுவான பகுதியில் அவனுக்கு நீண்ட ஏற்றம். அடியில் நான் ஒரே சுரத்தைப் பிடித்திருக்க வேண்டும். அவன் மேல் 'சி'யைத் தொட்டபோது பொறாமை வரும் என்று காத்திருந்தேன். என் சுரம் ஆடாமல் பார்த்துக்கொள்வதிலேயே நேரம் போய்விட்டது.
ஊதி ஊதி ஹார்னுக்குள் சேர்ந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டே அவன் மெல்லச் சொன்னான்: "கீழ நீ புடிச்சிட்டு இருந்த. அதான் மேல போக பயமே இல்ல."
அதற்குள் இசை நடத்துநரின் கோல் உயர்ந்துவிட்டது. ஹார்னை எடுத்தேன்.