குப்பைக் கூடையில் கிடந்த களிம்பு

வியாழக்கிழமை, இரவு.

வேலை முடிந்து வந்தால், மூத்திரம் அடங்காததற்கு டாக்டரம்மா பிறப்புறுப்பின் உள்ளே தடவ எழுதிக்கொடுத்த களிம்பு குப்பைக் கூடையில் கிடக்கிறது. போட்டவர் என் வீட்டுக்காரர். களிம்புப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தாராம்.

"தீட்டு நின்னு ஆறு வருசமாச்சு, உனக்கு இன்னாத்துக்கு ஹார்மோனு? கேன்சர் வரும்னு போட்டுக்கீது."

"அதயும் கேட்டுட்டேன். இது ரொம்ப கொஞ்சம்தான், உங்க ஒடம்புக்குப் பயமில்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

காதிலேயே வாங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூத்திரம் அடக்க முடியாம கம்பெனி பஸ்ல நனைஞ்சது என் யூனிஃபார்முய்யா. உன்னுது இல்ல."

நான் டியூபை எடுத்துத் துடைத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு மாதமாகத் தடவுகிறேன். இன்று ஷிப்டில் இரண்டே முறைதான் லைனில் வேலையை விட்டு பாத்ரூமுக்கு எழுந்து போனேன். அதை அவரிடம் சொல்லத்தான் ஆசையாக வீட்டுக்கு வந்தேன்.