இரண்டு சுற்று அதிகம் முறுக்கிய கம்பி

மச்சான்,

இன்று காலை போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி வீட்டில் சுருதி கூட்டுவதற்காகப் பியானோவைத் திறந்தேன். ஊருக்குப் போகிற வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போனது. முன்பலகையை எடுத்ததும் துருவும் எலி மூத்திரமும் பூச்சி அரித்த கம்பளியும் கலந்த அந்த நாற்றம் குப்பென்று வந்தது. கம்பி சுற்றிய மூன்றாவது முளையில் முறுக்குகிற சாவியை மாட்டியிருப்பேன், கம்பி ஒன்று படாரென்று அறுந்தது. என் மேல் படவே இல்லை. ஆனாலும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பது வயது ஆள் இப்படிக் குந்தியதைப் பார்த்து அந்த வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். உங்களுக்கு எழுத வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

தேவாரம் ஊருக்கு மேலே மலையில் இருந்த அந்தத் தோட்ட பங்களாவைத்தான் சொல்லப்போகிறேன். பதினோரு வருஷம் நீங்கள் வாயே திறக்காத இடம். மழை முடிந்து மலை முழுக்க ஈரமாக இருந்த மாதம். விருந்துக்கு வருகிறவன் ஒருவன் பிடில் கொண்டுவருகிறான், பியானோ சுருதி அதோடு சேர வேண்டும் என்று துரை நம்மைக் கூப்பிட்டிருந்தான். ஆட்டத்துக்குச் சத்தம் பத்தாதாம், முன்பலகையைத் திரும்ப மாட்ட வேண்டாம், கம்பி தெரிய அப்படியே இருக்கட்டும் என்றும் உத்தரவு.

நீங்கள் வழக்கம்போல முதலில் விரல் வைத்து வாசிக்கிற கட்டைகளைக் கழற்றி அடியில் பார்த்தீர்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் அதுதான் உங்கள் முதல் வேலை. ஒரு பென்சில் துண்டும் சின்ன ரிப்பனும் கிடைத்தன. துடைத்து மேலே வைத்து, கட்டைகளைத் திரும்பப் பொருத்திவிட்டு, துரை வந்து நின்றதும் பணிவாகத்தான் சொன்னீர்கள்.

"கம்பி பழசு, துரு ஏறியிருக்கு. ஒரே நாள்ல சுருதிய முழுசா ஏத்துனா தாங்காதுங்க. இன்னைக்குப் பாதி, அடுத்த வாரம் மீதி."

அவனுக்கு அது எதிர்த்துப் பேசியதாகப் பட்டது. உங்கள் வலது கை கட்டைகளின் மேல் இருந்தது. கனத்த தேக்கு மூடி. அதைப் பிடித்து ஓங்கிச் சாத்தினான். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. முதல் தடவை நீங்கள் கத்தினீர்கள். இரண்டாவது தடவை எலும்பு முறிந்த சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு என்னைப் பார்த்து, நீ முடி என்று கை காட்டினான்.

நான் முடித்தேன் மச்சான். நீங்கள் பின்கட்டில் உட்கார்ந்து முறிந்த மூன்று விரலையும் வேட்டிக் கிழிசலில் சுற்றிக்கொண்டிருக்க, கட்டையில் இருந்த உங்கள் ரத்தத்தைத் துடைத்துவிட்டு நான் சுருதி கூட்டினேன். அந்த மடப்பயல் கேட்டதில் பாதிதான் ஏற்றினேன். அவன் காதுக்கு அது தெரியக்கூட இல்லை, தலையை ஆட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போனான். அதன் பிறகுதான் அதைச் செய்தேன். மேல்வரிசையில், உட்கார்ந்து வாசிப்பவர் முகத்துக்கு நேரே வரும் கம்பிகளில் துரு தின்றது எது என்று தேடி, தாங்கும் அளவுக்கு மேல் இரண்டு சுற்று முறுக்கிவிட்டேன். அழுத்தி நாலு தட்டு தட்டினால் அறுந்து முகத்தில் அடிக்கும். எனக்கு அப்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பாதி மலை இறங்கியதும் நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

"மாப்ளே, கடைசியா தட்டிப் பாத்தீயே, மேல ஒண்ணு தனியாக் கத்துச்சே. என்ன பண்ணுன?"

உங்கள் காதிடம் பொய் சொல்ல முடியாது. சொன்னேன். துரை மூஞ்சி கிழியட்டும் என்றேன்.

"அட கூறுகெட்டவனே. அங்கன வாசிக்கிறது அவன் இல்லடா, பொம்பளப் புள்ள. ரிப்பனப் பாத்தேல்ல."

"எனக்குத் தெரியாதே மச்சான்" என்றேன்.

நீங்கள் திரும்பி மேலே ஏறத் தொடங்கினீர்கள். நான் உங்கள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். திரும்பப் போனால் கொன்றுவிடுவான் என்று கத்தினேன். நீங்கள் விடச் சொன்னீர்கள், நான் விடவில்லை. இடது கையை மடக்கி என் தாடையில் குத்தினீர்கள். நானும் குத்தினேன். ஒடிந்த கைக்காரர் என்றும் பார்க்காமல் உங்கள் நெஞ்சில் மிதித்தேன். பாதையோரத்துப் பாறையில் என் மண்டை மோதும் வரை நீங்கள் என்னை விடவில்லை. நான் எழுந்து பார்த்தபோது நீங்கள் வளைவைத் தாண்டியிருந்தீர்கள்.

சாவியை மறந்துவிட்டேன் என்று சமையல்காரரிடம் சொல்லி உள்ளே போயிருக்கிறீர்கள். நான் சன்னலுக்கு வந்து சேர்ந்தபோது சாவி முளையில் ஏறியிருந்தது. பழக்கமில்லாத இடது கை. முளை துருவில் இறுகியிருக்க, நீங்கள் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய் தளர்த்துவதற்காக ஒரு வெட்டு வெட்டினீர்கள். கம்பி அறுந்த சத்தம் கேட்டது. உங்கள் வலது கண்ணிலிருந்து வந்தது ரத்தம் மட்டும் அல்ல.

ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோகும்போது என் மடியில் தலை வைத்திருந்தீர்கள். "தெரியாமச் செஞ்சது, விடு. உங்கக்காகிட்ட கம்பி துருன்னு சொல்லு" என்றீர்கள். அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு நீங்கள் பக்கத்தில் நின்று கேட்பீர்கள், நான் சாவியைத் திருப்புவேன். நம் ஊர் அனுமந்தன்பட்டியில் எல்லாரும் என்னை மெச்சினார்கள். அக்கா புருசனைக் கைவிடாத தம்பியாம்.

நீங்கள் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தி நடந்தபோது அக்காவும் அதையேதான் சொன்னாள். "என் தம்பி மட்டும் இல்லேன்னா அவுக அன்னைக்கே ஒடஞ்சு போயிருப்பாக" என்று ஊராரிடம் சொல்லி அழுதாள். நான் இலையை விட்டு எழுந்தேன். அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போய், கம்பி தானாக அறுந்ததல்ல, துரைக்கென்று நான் முறுக்கி வைத்தது, அங்கே வாசிப்பது பெண் பிள்ளை என்றுதான் நீங்கள் அதைத் தளர்த்தப் போனீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

குழம்பில் கிடந்த இரும்புக் கரண்டியை எடுத்து அடித்தாள். தோளிலும் கழுத்திலும் தலையிலும் அடித்தாள். கொதிக்கிற கரண்டி. நான் நகரவில்லை. "கண்ணப் புடுங்கிட்டு பதினோரு வருசம் என் கையில சோறு தின்னியாலே" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். கை ஓய்ந்ததும், "அந்த வீட்ல யாரு வாசிக்கிறான்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?" என்றாள்.

"தெரியாதுக்கா."

கரண்டியைப் போட்டுவிட்டாள். என் கழுத்துத் தீப்புண்ணைத் தண்ணீரால் கழுவினாள். "தெரியாமச் செஞ்சதுக்கு அவுகளே கோவிக்கல, நான் யாரு" என்றாள்.

அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். அந்த பங்களாவில் அன்று காலை நீங்கள் பின்கட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது நான் முதலில் உள்ளே போனேன். அந்தப் பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது இருக்கும். கால் தரையை எட்டவில்லை. என்னைப் பார்த்ததும் முக்காலியிலிருந்து குதித்து இறங்கி, நான் பலகையைக் கழற்ற வழிவிட்டாள். அப்பாவுக்கு ஒன்றுமே வாசிக்க வராது, எல்லாம் நான்தான் என்று அரைகுறைத் தமிழில் பெருமையாகச் சொன்னாள். அந்தக் கம்பியைத் தேர்ந்தெடுத்தபோது அவள் உயரத்தைத்தான் கணக்கு வைத்தேன். கம்பி துரையை அடித்தால் அவனுக்கு ஒரு நாள் வலிக்கும் என்றும், அவளை அடித்தால் அவனுக்குச் சாகும்வரை வலிக்கும் என்றும் எனக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் மன்னித்தது தெரியாமல் செய்த ஒருவனை. அப்படி ஒருவன் அந்த வண்டியில் இல்லை மச்சான்.