மாசியில் உதிரும் வேம்பு

அடியே,

இன்று காலை வகுப்பு ஜன்னலைத் திறந்ததும் வேப்பஞ்சருகு வாசனை குப்பென்று வந்தது. மாசி முடியப் போகிறது. நம் பள்ளிக்கூடத்து மரம் வழக்கம்போல எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கிறது. உன் நினைப்பு வந்தது. அழுகை வரும் என்று பார்த்தால் கோபம்தான் வந்தது. இந்த நேரம் பார்த்தா நீ போய்ச் சேர வேண்டும்? இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை என்ன பாடு படுத்துகிறார்கள், தெரியுமா உனக்கு?

ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார்கள். 'பருவகால மகிழ்ச்சிக் கற்றல்' என்று மேலே வழவழவென்று அச்சடித்திருக்கிறது. உள்ளே நாலு பருவம், நாலு உறை. பஞ்சை உருட்டிப் பனிமனிதன் செய்ய வேண்டுமாம். எந்த ஊர் மரமோ, அதன் சிவப்பு இலைகளை அட்டையில் ஒட்ட வேண்டுமாம். நம் விளாங்குடியில், ஃபேன் ஓடுகிற வகுப்பில், பிள்ளைகளுக்குக் கம்பளிக் குல்லாய் மாட்டிப் போட்டோ எடுத்தோம். வேர்த்துக் கொட்டியது அதுகளுக்கு. பனி என்றால் என்னவென்று நான் திணறிக்கொண்டிருந்தபோது ஒருத்தன் எழுந்து, "எங்கம்மா ஃப்ரீசர்ல கரண்டிய வச்சுச் சுரண்டுவாங்களே, அதா டீச்சர்?" என்றான். அதேதான் ராசா என்றேன். வேறென்ன சொல்ல? அந்தப் பெட்டியில் மழை என்று ஒரு பருவமே கிடையாது. ஐப்பசியையும் கார்த்திகையையும் யாரோ அப்படியே முழுங்கிவிட்டார்கள். இது அடுக்குமா?

நீ இருந்திருந்தால் அந்தப் பெட்டி நம் படியேறியிருக்காது. உனக்கு 'அ' பிரிவு, எனக்கு 'ஆ'. நடுவில் ஒரு மரத்தடுப்பு. உன் பக்கத்துக் கும்மாளத்தில் என் பிள்ளைகளுக்கு இருப்புக் கொள்ளாது, நானும் அதுகளை ஓட்டிக்கொண்டு உன் பின்னால் வந்துவிடுவேன். ஆடிக் காற்று அடிக்கும்போது இரண்டு வகுப்பும் மைதானத்தில் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க. ஆய்வுக்கு வந்த அதிகாரி காலி வகுப்பைப் பார்த்துவிட்டு, "பாடம் எங்கம்மா நடக்குது?" என்றார். நீ கொஞ்சமும் அசரவில்லை. "வெளியிலதான் சார். காத்த உள்ள கூப்பிட்டுப் பார்த்தோம், வரமாட்டேங்குது." எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, மனுஷன் சிரித்துவிட்டார்.

மழை டப்பா விஷயம் ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கொரு மூடி போட்ட டப்பா கொடுத்து, சனி ஞாயிறு மொட்டை மாடியில் வைத்து மழையைப் பிடித்து வரச் சொன்னாய். எல்லாப் பிள்ளைகளும் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒருவனுடைய டப்பா மட்டும் தளும்பியது. அவன் அம்மாவே கூட வந்து பெருமையாகச் சொன்னார்: "கொஞ்சூண்டுதான் இருந்துச்சு டீச்சர். நம்ம பிள்ளை யாருக்கும் குறைஞ்சிறக் கூடாதுல்ல, குழாய்ல பிடிச்சு ரொப்பிட்டேன்."

"மழைக்குமாங்க ரேங்க் பார்ப்பீங்க?" என்று எகிறினாயே! மூக்கு நுனி சிவந்து போயிற்று. ஆனால் அந்தப் பையனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவன் டப்பாவையும் மற்ற டப்பாக்களோடு வரிசையில் வைத்தாய். "ஒரே மழைதான பெஞ்சுச்சு, இது மட்டும் எப்படி இம்புட்டு?" என்று பிள்ளைகளையே கேட்டாய். "அந்த வீடு மூணாவது மாடி டீச்சர், மேகத்துக்குக் கிட்டக்க இருக்கு" என்றாள் ஒருத்தி. அதை நீ தப்பு என்று சொல்லவே இல்லை. அடுத்த மழைக்கு ஒரு டப்பாவைத் தரையிலும் ஒன்றைப் பள்ளிக்கூட மாடியிலும் வைத்து அதுகளையே பார்க்க வைத்தாய். அந்த அம்மாவும் மழையில் நனைந்துகொண்டே வந்து பார்த்தார்.

கடைசியாக நீ வகுப்பில் இருந்தது போன வருஷம் தை மாதம். கீழக்குயில்குடியில் உங்கள் வயலில் விளைந்த மொச்சையை ஈரத்துணியில் முடிந்து ஜன்னலில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். அங்கே படுத்துக்கொண்டு போனில் கேட்டது உடம்பைப் பற்றி இல்லை. "மொச்ச முளைச்சிருச்சாடி?"

"முளைச்சிருச்சு. சீக்கிரம் வந்து பாரு."

"வாரேன், வாரேன். நீ அம்புட்டுத் தண்ணியையும் ஊத்தி அழுக வச்சிராத."

வரவில்லை நீ. முளை கொடியாகி ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறியது. 'அ' பிரிவுப் பிள்ளைகள் தினமும் என்னிடம் வந்து எங்க டீச்சர் எப்ப வருவாங்க என்று கேட்டன. அந்தக் கோபம் எனக்கு உன்மேல் இன்னும் ஆறவில்லை.

சரி, இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அந்தப் பெட்டியோடு வந்த வினாத்தாளைக் கொடுத்தார்கள். இலைகள் உதிரும் பருவம் எது, சரியான படத்துக்கு வட்டமிடு. படங்கள் நாலு: சூரியன், பூச்செடி, சிவப்பு மரம், பனிமனிதன். யாழினி சூரியனுக்கு வட்டம் போட்டிருந்தாள். என் வகுப்பில் ஜன்னலோரம் உட்காருகிறவள் அவள். வெயில் ஏற ஏற, நம் வேம்பு அவள் நோட்டின் மேல்தான் சருகைப் போடும். எச்.எம். மேடம் தானே உட்கார்ந்து திருத்தினார். சூரியன் மேல் சிவப்பு மையில் இவ்வளவு பெரிய தப்புக் குறி.

அந்தப் பிள்ளை தாளைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எழுந்து வந்து என் காதோரம் கேட்டாள்: "டீச்சர், நம்ம மரம் தப்பாக் கொட்டுதா?"

கண்ணால் பார்த்ததைச் சொன்ன பிள்ளைக்கா இந்தக் குறி? இன்றைக்கு இதை விட்டுவிட்டால் நாளைக்கு அவள் ஜன்னல் பக்கம் திரும்புவாளா? அச்சில் வந்ததுதான் நிஜம், தன் கண்தான் பொய் என்று ஆறு வயதிலேயே முடிவு கட்டிவிடுவாளே!

"மரம் சரியாத்தான் கொட்டுது கண்ணு. தாள்தான் தப்பு."

"அப்ப எனக்கு டிக் போடுங்க."

போட்டேன். அந்தச் சிவப்புக் குறிக்கு மேலேயே போட்டேன். மத்தியானமே எச்.எம். அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது.

"ஆன்சர் கீல சிவப்பு மரம்னுதான இருக்கு டீச்சர்? நான் போட்டதுக்கு மேலயே நீங்க போட்டா பேரண்ட்ஸ் என்ன நினைப்பாங்க?"

"எந்திரிச்சு வந்து வெளிய பாருங்க மேடம். ஆன்சர் கீ அங்க நிக்குது. இது மதுர மண்ணு, இங்க மாசியிலதான் கொட்டும். அந்தப் பிள்ளை பொய் சொல்லல."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "என்னாச்சு உங்களுக்கு? இப்படிப் பேசுற ஆளு இல்லையே நீங்க?"

"பேசுற ஆளு போயிட்டாங்க மேடம். அதான் நான் பேச வேண்டியிருக்கு."

அவர் தாளை என்னிடமே நீட்டினார். அந்த டிக்கை அடிக்கவில்லை, தாள் அப்படியே யாழினி வீட்டுக்குப் போய்விட்டது. ஆனால் சாயங்காலம் கையெழுத்துப் போடப் போனபோது சொன்னார், ஜூனிலிருந்து எனக்கு நாலாம் வகுப்பாம். ஒன்றாம் வகுப்புக்குப் பெட்டியைப் பார்த்து நடத்துகிற வேறு யாரோ வரப் போகிறார்கள். போகட்டும். அதற்கும் சண்டை போடத்தான் போகிறேன்.

இத்தனை வருஷமும் சண்டை உன்னுடையது. பின்னால் நின்று "விடுடி, விட்டுத்தொலைடி" என்று சொல்வது என் வேலை. இப்போது சண்டையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். சுமந்துகொள்கிறேன், அது ஒன்றும் பாரமில்லை. விடுடி என்று சொல்லத்தான் பின்னால் யாருமே இல்லை.