வெள்ளிக்கிழமை ஊசி டப்பா

செஞ்சி

என் கண்ணு ஸ்ரீநிதிக்கு அம்மா எழுதுவது. காய்ச்சல் போய், வாசனையும் ருசியும் திரும்பி, இன்று காலை சாம்பாரில் உப்பு தூக்கல் என்று குறை சொல்லுகிற அளவுக்கு நான் தேறிவிட்டேன், நீயும் நாக்பூரில் மாஸ்க்கைத் தாடையில் தொங்கவிடாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நடுநடுவே கேள்வி கேட்டு என்னை முழுதாகச் சொல்லவிட மாட்டாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கொரோனா என்று ரிசல்ட் வந்ததும் உன் சித்தப்பா தேவேந்திரன் என்னை மாடி ரூமுக்கு அனுப்பிவிட்டார். கண்ணாடி, போர்வை, கொசுவத்தி, ரேடியோ வரைக்கும் ஞாபகமாக எடுத்துக்கொண்ட நான் மாத்திரையைக் கீழேயே விட்டுவிட்டேன். அது எங்கே இருக்கும் என்று உனக்குத்தான் தெரியுமே, நம் வளையல் கடையில் ஊசி டப்பாவின் அடியில். உன் நைனா காலமான பிறகு, எனக்கு எச்.ஐ.வி. இருப்பது இந்த வீட்டில் உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது, நான் விழுப்புரம் போவதெல்லாம் சரக்கெடுக்க என்றுதான் சித்தப்பாவும் சித்தி ஆதிலட்சுமியும் நினைத்திருந்தார்கள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரை கொடுக்கும் இடத்தில் இருக்கிற மணிமொழி விஷயம் தெரிந்து அன்றைக்கே போன் பண்ணி, கொரோனா வந்துச்சேன்னு நம்ம மாத்திரைய ஒரு வேள கூட நிறுத்தக் கூடாதும்மா, இத்தினி வருஷம் ஒழுங்கா சாப்ட்டதாலதான் உங்க உடம்புல தெம்பு இருக்குது, மூச்சு வாங்குச்சுன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, அங்க இன்னா மருந்து குடுத்தாலும் இந்த மாத்திரையும் சாப்பிடறேன்னு மறைக்காம சொல்லிடுங்க என்றாள். எல்லாவற்றுக்கும் சரிம்மா சரிம்மா என்று தலையாட்டி போனை வைத்த பிறகுதான் டப்பா ஞாபகம் வந்தது. அதற்குள் கீழே விளக்கேற்றிவிட்டார்கள்.

சித்திக்கு போன் போட்டு, ஜாக்கெட் ஹூக் போய்விட்டது, ஊசி டப்பாவைக் கொஞ்சம் அனுப்பு என்றேன். உன் சித்தியைப் பற்றித் தெரியாதா, வெள்ளிக்கிழம அதுவுமா விளக்கு வெச்ச பொறவு கடையில இருந்து ஊசி எடுத்துக் குடுப்பாங்களா, குடும்பம் விளங்குமா, மாடியில உன்ன யாரு பாக்கப் போறா, ஒரு பின்னக் குத்திக்கோ என்று சொல்லிவிட்டாள். நூல் வேண்டும் என்றேன், பித்தான் என்றேன், எதற்கும் மசியவில்லை, காய்ச்சல் மண்டைக்கு ஏறிடுச்சா என்று கேட்டாள். மாத்திரை நேரமோ நெருங்குகிறது. சொன்னால் இந்த வீட்டில் எனக்கு இடம் இருக்குமோ இருக்காதோ, சொல்லாவிட்டால் உடம்பு என்ன ஆகுமோ என்று யோசித்தேன். கடைசியில் உன் முகத்தை நினைத்துக்கொண்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் சித்தி போனை வைத்துவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அப்படியே பாயில் உட்கார்ந்து அழுதேனடி.

கொஞ்ச நேரத்தில் படியில் கொலுசுச் சத்தம். இரண்டு மாஸ்க் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்று டப்பாவை உள்ளே தள்ளினாள். திறந்தால் ஒரு ஊசிகூட இல்லை, அத்தனையையும் கீழே கொட்டிவிட்டு மாத்திரையை மட்டும் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். ஊசிதான் குடுக்கக் கூடாது, மாத்திரைய குடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல, முதல்ல முழுங்கு, இத்தினி வருஷம் என்கிட்ட சொல்ல உனக்கு வாயி இல்லியா, உனக்குக் கொரோனா சரியாவட்டும், அப்புறம் இருக்குது உனக்கு என்று திட்டிக்கொண்டே அழுதாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கீழேயிருந்து போன் செய்து, போட்டுக்கினியா என்று கேட்டுவிட்டுத்தான் சீரியலே. விரலில் மாட்டிப் பார்க்கிற அந்த ஆக்ஸிஜன் மிஷினை சித்தப்பா யாரிடமோ கேட்டு வாங்கிவந்தார், அதில் அளவு ஒருநாளும் இறங்கவில்லை. படியில் வைத்த இட்லியைத்தான் இரண்டு தடவை மலைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது, அதற்கும் உன் சித்தி என்னைத்தான் திட்டினாள்.

நேற்று கீழே இறங்கினேன். கொரோனாவுக்காக எனக்கென்று வைத்திருந்த தட்டையும் டம்ளரையும் நானே எடுத்துக்கொண்டு ஓரமாய் உட்கார்ந்தேன். எச்.ஐ.வி. தெரிந்தால் தனித் தட்டு வைத்துவிடுவார்களோ என்றுதானே இத்தனை காலமும் பயந்தேன், நானே வைத்துக்கொண்டால் அவர்களுக்குச் சங்கடம் இருக்காது என்று நினைத்தேன். சித்தி தட்டைப் பிடுங்கி, கொரோனாதான் போயிடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு இது என்று கழுவி மற்ற தட்டுகளோடு அடுக்கிவிட்டாள். இன்று சாப்பிடும்போது எந்தத் தட்டு என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை ஸ்ரீநிதி.

சித்தி சொல்லி சித்தப்பாவுக்கும் விஷயம் தெரியும், மாத்திரை இப்போது அவருடைய பி.பி. மாத்திரைக்குப் பக்கத்தில் அலமாரியில் இருக்கிறது. உன் சித்தி தடுப்பூசி போட்டுக்கொண்டாள், வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்கள் என்று முறைத்துவிட்டு சனிக்கிழமைதான் போனாள், எனக்கு எப்போது என்று மணிமொழி சொல்வாள். நீயும் மறக்காமல் போட்டுக்கொள். பஸ், ரயில் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் வந்துவிடு, சித்திக்கு ஒரு நல்ல புடவை வாங்கிவா, பச்சை வேண்டாம், அவளிடம் நிறைய இருக்கிறது. நோய்நொடி அண்டாமல் நீ நூறு வயது வாழ வேண்டும்.

தினம் திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக இருக்கும்
உன் அம்மா
சுந்தராம்பாள்