மரச் சக்கரம் இனி ஏறாது

கச்சிராயபாளையம்
11-10-87

அன்பு மகன் எட்வினுக்கு அம்மா ஆனந்தமேரி எழுதுவது. மாதா காவலில் நானும் அப்பாவும் உன் தங்கை டயானாவும் சுகம், நீயும் பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும் என்பதே எங்கள் செபம். உன் கடிதம் வந்தது. தாத்தா ஒரு துரையிடம் வாங்கின காரில் மரச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் மாட்டியது யாரைக் கேட்டு என்று எழுதியிருக்கிறாய். யாரையும் கேட்கவில்லை, நான்தான் மாட்டினேன். உன் முதலாளி பழைய கார்களைச் சேர்க்கிறவர், அவர் பார்க்க வருவதற்குள் பழைய சக்கரத்தையே மாட்டி வையுங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அது நடக்காது. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

வெயில் காலத்தில் அந்த மர ஆரக்கால்கள் காய்ந்து சுருங்கி நறநறவென்று சத்தம் போடுவதும், அப்பா ஈரச் சாக்கைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி இறுக்குவதும் உனக்குத் தெரியும். சித்திரையில் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகவும் அப்படி ஊற்றித்தான் கிளம்பினோம். திரும்பி மலை இறங்கும்போது ஒரு வளைவில் பின் சக்கரத்து ஆரக்கால்கள் பிடுங்கிக்கொண்டு போய், கார் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து ஒரு பாறையில் முட்டி நின்றது. டயானா பக்கத்துக் கதவு திறந்துகொண்டது, அவள் கால் வெளியே தொங்கியது, கீழே மரங்களின் தலைதான் தெரிந்தது. அப்பா இறங்கி முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தார். "ஒண்ணும் ஆவலை, புதுசா ரெண்டு காலு போட்டா சரியாப்பூடும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. இரும்புச் சக்கரம் போடுங்கள் என்று வீட்டுக்கு வந்து எத்தனையோ தரம் சொன்னேன். "மரச் சக்கரம்தான் இந்தக் காருக்கு அழகு, அதை எடுத்துட்டா அப்புறம் இன்னா இருக்குது" என்றார். அழகு வேணுமா, பொண்ணு வேணுமா என்று கேட்டேன். அவர் கரும்பு வெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் டவுன் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போய் லேத் பட்டறை காசிநாதனைக் கூட்டிவந்தேன். அவர் பழைய ஜீப் சக்கரங்களை டயரோடு வாங்கி, நம் கார் அச்சுக்குப் பொருந்தும்படி நடுவில் தடித்த தகடு வைத்து வெல்டிங் அடித்து மாட்டிக்கொடுத்தார். உன் சித்தப்பா தங்கதுரை வாசலில் நின்று, "இன்னா அண்ணி, ராஜா மாதிரி இருந்த காருக்கு ஜீப்பு காலை மாட்டிக்கினு நிக்கிறீங்க, ஊரே சிரிக்குது" என்றார். சிரிக்கிறவங்க நடந்து போவட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அப்பா அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, சோற்றுக்குக்கூட டயானாவிடம்தான் சொல்லியனுப்புவார்.

போன மாதம் இங்கே நடந்த மறியலைப் பேப்பரில் பார்த்திருப்பாய். படிப்பிலும் வேலையிலும் தங்கள் பிள்ளைகளுக்குத் தனி இடம் கேட்டு வன்னியர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள், மரங்களை வெட்டிப் போட்டார்கள், பஸ் எதுவும் ஓடவில்லை. அந்த வாரத்தில் ஒரு காலையில், நம் கரும்புக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த ஆயம்மாளைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. அவள் புருஷன் வேடியப்பன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். "எம்மா, வண்டி எடுக்கச் சொல்லும்மா, இவ கண்ணு சொருவுது" என்று அழுதான். அப்பா சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார். ரோட்டில் போக முடியாது என்று கரும்பு வண்டித் தடத்திலும் வாய்க்கால் கரையிலும் ஓட்டினார். ஓர் இடத்தில் கார் பள்ளத்தில் தடாலென்று விழுந்து எழுந்தது, எனக்கு உயிரே போய் வந்தது, சக்கரம் அசையவில்லை. மரமாக இருந்தால் அங்கேயே நொறுங்கியிருக்கும். பெரிய ரோட்டில் ஏறும் இடத்தில் புளியமரம் குறுக்கே கிடந்தது, கூட்டமாகப் பையன்கள். இறங்கிப்போய், உங்க சண்டையை நான் தப்புன்னு சொல்லலை, எனக்கு இப்ப வழி வேணும் என்றேன். ஒருத்தன் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பாம்புக்கடிடா, கிளையை இழுங்கடா" என்று கத்தினான். கிளையை இழுத்ததும், ஓரத்து மண்ணில் புதைந்த காரைத் தள்ளிவிட்டதும் அவர்கள்தான். வேறு ஊர்களில் போலீஸ் சுட்டுப் பிள்ளைகள் செத்ததைக் கேட்டபோது இந்த முகங்கள்தான் கண்ணில் நின்றன, மனசு ஆறவில்லை. ஆயம்மாள் பிழைத்துக்கொண்டாள், கால் வீக்கம் வடிந்து இப்போது மெல்ல நடக்கிறாள். அன்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் அப்பா சக்கரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "மேரி, ஸ்டெப்னி இன்னும் மரந்தான், அதையும் காசிநாதன்கிட்ட குடுத்துடலாம்" என்றார். நான் சரிங்க என்று மட்டும் சொன்னேன்.

ஆகவே உன் முதலாளி தாராளமாக வரட்டும். கோழி அடித்துச் சோறு போடுகிறேன், நம் ஊர் அணை வரைக்கும் இதே காரில் கூட்டிப்போகிறேன். கழற்றின மரச் சக்கரங்கள் மாட்டுக் கொட்டகையில் கிடக்கின்றன, ஆசையாக இருந்தால் எடுத்துப்போய்த் தன் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளட்டும். காரில் மாட்டச் சொன்னால், முதலில் நீங்கள் உங்கள் பெண்ணை உட்காரவைத்துக் கல்வராயன் மலை இறங்குங்கள் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்வேன். அதற்காக உன்னை வேலையை விட்டு நிறுத்தினால் பயப்படாதே, இங்கே உனக்கு வீடும் சோறும் இருக்கிறது.

உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், ஆண்டவர் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பார். கிறிஸ்மஸ் லீவுக்கு இப்போதே டிக்கெட் எடுத்துவிடு. விழுப்புரம் ஸ்டேஷனுக்குக் காரோடு வந்து நிற்போம், ஜீப்பு காலில் ஏறமாட்டேன் என்றால் நீ பஸ் பிடித்து வா.

இப்படிக்கு,
சொன்ன சொல்லில் நிற்கும் உன் அம்மா
பி. ஆனந்தமேரி