எல்லைக்கல்லில் முட்டிய மண்டை

அன்புள்ள செண்பகத்துக்கு,

நான் நலம், தொப்பை என்னைவிட நலம். உன் மூட்டுவலி குறைந்ததா? வெந்நீர் ஒத்தடத்தை விடாதே.

என் தலையில் சின்ன வீக்கம். பயப்படாதே, எனக்கு மரியாதை செய்ததில் வந்ததுதான். மே மாதத்தில் இந்த வெள்ளைக்கார ஊரே பாதிரியாரோடு வயலும் வேலியுமாக நடந்து எல்லையைச் சுற்றிவரும். எல்லைக்கற்களைக் குச்சியால் அடிப்பார்கள். சாலையோரக் கடைசிக் கல்லில், எல்லை மறக்காமல் இருக்க, ஊர்க்காரர் ஒருவரைத் தலைகீழாகப் பிடித்து மண்டையை முட்டவைப்பார்கள். ஏழு வருடமாக எனக்கு சாண்ட்விச் கூடை தூக்கும் வேலை மட்டும்தான்.

இந்த முறை பப் நடத்தும் வால்டர், "நாயகம், இங்க வாய்யா! இன்னிக்கு உன் மண்டைதான்" என்றான். நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கினார்கள்.

"மெதுவாடா! நாளைக்கு என்னைக் குளிப்பாட்ட அந்தாளு வேணும்!" என்று சக்கர நாற்காலியிலிருந்து கத்தினாள், நான் பார்த்துக்கொள்ளும் பெரில் கிழவி.

மூன்று முட்டு. "இனி நீ எங்க ஊர் ஆளு. செத்தாலும் இந்தக் கல்லுக்கு உள்ளதான் புதைப்போம்!" என்றான் வால்டர். எல்லோரும் கைதட்டினார்கள். நான்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன். தலைகீழாகத் தொங்கினால் கண்ணீர் நெற்றிக்கு ஓடும், தெரியுமா? மழை என்று சொல்லிவிட்டேன். இங்கே மழையை யாரும் சந்தேகப்படுவதில்லை.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. ரேஷன் கார்டில் ஊரில் இல்லாதவர் பெயரை நீக்குகிறார்களாமே? யார் வந்து கேட்டாலும் என் பெயரை மட்டும் எடுக்க விடாதே.

பெரில் மணி அடிக்கிறாள், போகிறேன்.

உன்
கோமதிநாயகம்